ஒட்டோகோகி - ஜெயிச்சவரே காசு கட்டணும்!

ஜப்பான்காரங்க கிட்ட 'ஒட்டோகோகி'ன்னு ஒரு சொல் இருக்கு. 'ஒட்டோகோ'ன்னா ஆண். 'கி'ன்னா மனசு, குணம். சேர்த்தா 'ஆம்பளை மனசு'ன்னு வருது. ஆனா இது மீசை முறுக்குற சமாச்சாரம் இல்லீங்க. ஒருத்தன் கஷ்டப்படுறதைப் பார்த்துட்டு, தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும், சும்மா போக முடியாத குணம்.

இதைக் கேலிக்கும் பயன்படுத்துவாங்க. ஃபுஜி டிவியில 2018 வரைக்கும் ஓடின ஒரு காமெடி நிகழ்ச்சியில 'ஒட்டோகோகி ஜான்கென்'னு ஒரு விளையாட்டு. ஜான்கென்னா கல்-காகிதம்-கத்தரி. வழக்கமா தோத்தவர்தானே பில்லு கட்டுவார்? இங்க ஜெயிச்சவர் கட்டணும். அதுவும் ஆஹா ஓஹோன்னு குதிச்சுக்கிட்டே! தப்பிச்சவங்க எல்லாம் "சே, குடுத்து வைக்கலையே"ன்னு சோகமா மூஞ்சியை வெச்சுக்கணும் :-)

சிரிப்பு எங்க வருதுன்னா, தாராளம் கட்டாயம் ஆகும்போது அது வெறும் தண்டச்செலவு. ஆனா முகத்துல காட்டிக்க முடியாது!

சீரியஸாவும் சொல்வாங்க. ஹிரோகி குரோடான்னு ஒரு பேஸ்பால் வீரர். 2014-ல நியூயார்க் யாங்கீஸ்ல அவர் சம்பளம் 1 கோடியே 60 லட்சம் டாலர். 2015-ல, 40 வயசுல, அதுல கால்வாசி கூட தேறாத சம்பளத்துக்குத் தன்னோட பழைய ஹிரோஷிமா கார்ப் அணிக்கே திரும்பி வந்துட்டார். ஊரே 'ஒட்டோகோகி'ன்னு கொண்டாடுச்சு. 2016-ல கார்ப் 25 வருஷம் கழிச்சு லீக் சாம்பியன். அதோட அவர் ஓய்வு. அவரோட 15-ம் நம்பர் சட்டையை அந்த அணியில வேற யாருக்கும் குடுக்கறதில்லை.

கவனிச்சீங்கன்னா, அவர் தன்னைப் பத்தி அப்படிச் சொல்லிக்க முடியாது. "எனக்கு ஒட்டோகோகி உண்டு"ன்னு நாமளே சொன்னா, அந்த நிமிஷமே அது காலி. அடுத்தவங்க வாயால வரணும்.

எனக்கு இன்னொண்ணும் தோணுது. அணுகுண்டு விழுந்து 6 வருஷம்தான் ஆன 1951-ல, இதே கார்ப் அணி காசில்லாம மூடுற நிலைமைக்குப் போச்சு. மைதானத்து வாசல்ல சாக்கே பீப்பாயை வெச்சாங்க. வீடு வாசலை இழந்த ஜனங்க அதுல சில்லறையைப் போட்டே அணியைக் காப்பாத்துனாங்க. போட்டவங்க எல்லாரும் ஆம்பளைங்களாவா இருந்திருப்பாங்க? குரோடா குடுத்தது பெருசுதான். ஆனா அந்த ஊரு அவருக்கு முன்னாடியே குடுத்துருச்சு.

குணம் பொதுதாங்க. பேர்ல மட்டும்தான் 'ஆண்' ஒட்டிக்கிட்டு இருக்கு.