கொசு உள்ளான்

புரட்டாசிச் சனிக்கிழமை. புளிச்சோற்றுக்குக் கருவாடு கிடையாது, துவையல்தான் என்று அம்மா சொல்லிவிட்ட மனக்குறையோடு வேதாரண்யத்தில் பஸ் ஏறினேன். சயின்ஸ் சார் எங்கள் வகுப்பைக் கோடியக்கரைக்குப் பறவை பார்க்க அழைத்துப்போனார். எனக்குப் பறவை என்றால் பூநாரைதான். காலண்டரில் பார்த்த அதே ரோஸ் நிறத்தில் வரிசைகட்டி நிற்கும் என்று தெருவெல்லாம் அளந்துவிட்டு வந்திருந்தேன்.

அகஸ்தியம்பள்ளி வந்ததும் 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம் என்று சார் எழுந்து நின்று கைகாட்டினார். எங்கள் கண்ணோ அளத்து வரப்பில் கீற்று வேய்ந்து மூடியிருந்த உப்புக் குவியல்களில். மழைக்கு முந்தின அந்த மாதத்தில் காற்றில் உப்பு வாடையும் சேற்று வாடையும் ஒன்றாக வரும். கடற்கரைப் பக்கம் போனால் மீன்பிடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் கொட்டகை போடக் கழி நடும் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

வாச்சர் மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லி முன்னால் நடந்தார். "பேசாம வாங்க, எந்திரிச்சிரும்." எது எந்திரிக்கும் என்று பார்த்தால், சேற்று நிறத்தில் சேற்றையே கிண்டிக்கொண்டு பொடிப்பொடியாக ஏதோ ஓடின. சாரின் மூக்குப்பொடி மணத்த பைனாகுலர் ஒவ்வொரு கழுத்தாக மாறி என்னிடம் வருவதற்குள் பவளக்காலி பறந்துவிட்டது. பூநாரை எங்கே என்றேன். "அது மழைக்கு அப்புறம் கூட்டமா வரும். இப்ப வர்றது இந்தச் சின்னதுங்கதான்" என்றார் மாமா. எனக்கு அழுகை வராத குறை.

எண்பதுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே முகாமிட்டு, பறவைக்கு வளையம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலை விரிப்பதில் பீகார்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பறவை பிடிப்பது அவர்களுக்குக் குலத்தொழில். ராத்திரி விழுந்ததை எடுத்து, இறக்கையை அளந்து, துணிப்பையில் போட்டு நிறுத்து, காலில் பம்பாய்ப் பெயர் பொறித்த வளையத்தை மாட்டினார் ஒருவர். கொசு உள்ளானாம். அதை என் கையில் வைத்தார். ஒரு பெரிய நெல்லிக்காய் கனம்கூட இல்லை. ஆனால் அதன் நெஞ்சு அடித்த அடி என் முழங்கை வரை வந்தது. சைபீரியாவின் வடகோடியில், பனி உருகும் சமவெளியில் பொரித்ததாம். விரலைத் தளர்த்தியதும் என் உள்ளங்கையில் எச்சமிட்டுவிட்டுப் பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் வெகுநேரம் கை கழுவவில்லை.

சாப்பிடும்போது சண்டை கிளம்பியது: அது ரஷ்யாக்காரக் குருவியா, நம்மூர்க் குருவியா?

வாச்சர் மாமா பீடியைப் பற்றவைத்தார். "முட்டை வைக்கத்தான் அங்க போவுது. வருசத்துல பாதிக்கு மேல இங்கதான் திங்குது. ரேஷன் கார்டு இங்கதான் குடுக்கணும்."

"சீனி எத்தனை கிலோ மாமா?" என்றான் பின்வரிசையில் ஒருத்தன்.