பெயரில்லாப் படம்

பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்துக்கொள்வது குற்றம் என்பதை யாவரும் அறிவர். ஆனால், பிறர் மனமுவந்து அளித்த பொருளைப் பெறும்போதும் குற்றம் நேரக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

ஒரு நாள் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓர் ஏட்டில் ஒரு பத்தி முழுவதும் வேறொரு நூலிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அம்மாணவனை அழைத்து, "பிறர் எழுதியதை உன்னுடையதுபோல் எழுதலாமா? அந்நூலின் பெயரையேனும் குறித்திருக்க வேண்டாவா?" என்று கடிந்தேன். அவன் தலைகுனிந்து நின்றான். சிறிது நேரம் சென்றபின், சுவரில் நான் மாட்டியிருந்த படத்தாளை நோக்கி, "ஐயா, அந்தப் பூநாரையைப் படம் எடுத்தவர் யார்?" என்று மெல்லக் கேட்டான். அவன் குரலில் குறும்பு இல்லை. அறிய வேண்டும் என்னும் அவாவே இருந்தது. என்னால் விடை கூற இயலவில்லை.

அப்படம் இணையத்தில் விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து நான் எடுத்தது. 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பொதுவகத்தில், உலகெங்கும் உள்ளோர் தாம் எடுத்த படங்களைப் பிறர் பயன்பாட்டுக்கென வைத்துள்ளனர். விலையின்றிக் கிடைப்பதுதானே என்று எண்ணி, ஓரங்களை வெட்டினேன். அலகு, கழுத்து, கால் என உறுப்புகளின் பெயர்களை எழுதினேன். வேறு பள்ளி ஆசிரியர் சிலருக்கும் அனுப்பினேன். தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்று என் பெயர் மட்டுமே இருந்தது!

அன்று மாலை அப்பக்கத்தை மீண்டும் திறந்து முழுவதும் படித்தேன். கோடியக்கரை உப்பளத்தருகே விடியற்காலையில் எடுத்த படம் என்று அதில் எழுதியிருந்தது. எடுத்தவர் பெயரும், எடுத்த நாளும் இருந்தன. பெயரை விட்டபோது, பறவை வாழும் இடத்தையும் மாணவர் அறியாதபடி செய்துவிட்டேன் என்பது அப்போது விளங்கிற்று.

அதன்கீழ் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் குறிக்கப்பட்டிருந்தது. 2001-இல் தோன்றிய அவ்வமைப்பு, தன் முதல் உரிமங்களை 2002-இல் வெளியிட்டது. படைத்தவர் தம் உரிமையைத் துறவாமலே, இன்னின்னவாறு பயன்படுத்தலாம் என்று முன்னரே இசைவு அளிக்க அவை உதவுகின்றன. அவை ஆறு வகை. படைத்தவரின் பெயரைக் குறிப்பது ஆறுக்கும் பொது. வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது சிலவற்றின் கட்டளை. மாற்றி வெளியிடலாகாது என்பது வேறு சிலவற்றின் கட்டளை. மாற்றி ஆக்கியதை அதே உரிமத்தின்கீழ்ப் பிறர்க்கும் வழங்குக என்பன சில. நான் எடுத்த படம் இவ்விறுதி வகையைச் சேர்ந்தது.

கற்பித்தலுக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சில விலக்குகளை அளிப்பது உண்மையே. ஆயினும், சட்டம் விட்டுவிடுவதால் அறமும் விட்டுவிடுமோ? சேற்றில் நின்று விடியலுக்குக் காத்திருந்த ஒருவர், தம் உழைப்பின் பயனை நமக்கு அளித்துவிட்டுக் கேட்பது தம் பெயரை மட்டுமே. அதையும் மறுப்பது நன்றியன்று.

2013-இல் வெளிவந்த 4.0 பதிப்பு உரிமங்களில் ஒரு நல்ல விதி உண்டு. தவற்றை அறிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால், அதனால் இழந்த உரிமை மீண்டும் கிட்டும். என் படத்துக்கும் அப்பதிப்பே உரியது. நான் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர், நான் செய்த மாற்றங்கள் ஆகியவற்றை அடியில் எழுதி, இத்தாளும் அதே உரிமத்துக்கு உட்பட்டது என்றும் குறித்தேன். முன்பு அனுப்பிய ஆசிரியர்களுக்கும் திருத்திய தாளை அனுப்பினேன்.

மறுநாள் அதனை வகுப்பில் மாட்டி, என் பிழையை மாணவர்முன் ஒப்புக்கொண்டேன். அம்மாணவன் எழுந்து வந்து, எடுத்தவர் பெயரை உரக்கப் படித்தான். பின்பு தன் ஏட்டைத் திறந்து, அப்பத்தியின் கீழ் நூலின் பெயரை எழுதினான். நான் சொல்லாமலே எழுதினான்.

கொடுத்தவரை நினைந்து பெறுவதே பெறுதலுக்கு அழகு. மாணவர்க்கு அதனைச் சொல்லிக் கற்பிப்பதினும், செய்து காட்டுவதே சிறந்தது.