கல்லும் குடிபெயர்ந்த ஊர்

நாலந்தா என்றதும் வாசகர்களிற் பலருக்குப் பீகாரிலே பண்டைக் காலத்தில் விளங்கிய பௌத்தப் பெருங்கல்லூரியே நினைவுக்கு வரும். நாம் சொல்லப் புகுந்தது அதனையன்று. இலங்கையிலே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவழியில், மாத்தளைக்கு வடக்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் அதே பெயருடைய சிற்றூர் ஒன்று உண்டு. மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் வாசனைத் திரவியத் தோட்டங்களும் சாலையின் இருமருங்கும் தொடர்ந்து வந்து, குளிர்ந்த மலைநாடு முடிந்து வறண்ட சமவெளி தொடங்கப்போகிறது என்று காற்றே அறிவிக்கும் இடத்தில் அவ்வூர் இருக்கிறது. தம்புள்ளைக் குகைகளையும் சிகிரியாக் குன்றையும் காண விரைகின்ற பிரயாணிகள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை.

நாம் இறங்கினோம். இறங்குவதற்கென்றே கூடலூரிலிருந்து வந்தோம் என்று சொல்வதுதான் பொருந்தும். இவ்வூருக்கு அணித்தான ஒரு தோட்டத்தின் லயத்திலே நாம் பிறந்தோம். 1973-ஆம் ஆண்டில், பதினொரு வயதில், தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்நாட்டை விட்டு இந்தியா போனோம். திரும்பி வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

எம் முன்னோர் வந்த வழி இதுவே. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிப் புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கங்காணி முன்னே நடக்க, சட்டி பானையும் கைக்குழந்தையுமாக அவர்கள் பின்னே நடந்தார்கள். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அவர்களோடு கூடவே நடந்தன. வழியில் மாண்டவர் எத்தனை ஆயிரம் என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். பிழைத்து வந்தவர்கள் மாத்தளையில் முத்துமாரியம்மனுக்கு வணக்கம் செலுத்திய பின்னரே மலையேறினார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் செய்தி.

எம் பாட்டனாரின் பாட்டனார் அவ்வாறு நடந்து வந்தவர். நாலந்தாவுக்கு வந்து சேர்ந்தபோது அவருடன் புறப்பட்ட தங்கை இல்லை. அவள் எவ்விடத்தில் நின்றுபோனாள் என்பதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லையாம். இதனை எமக்குச் சொன்னவர் எம் அப்பாயி.

இவ்வூரின் பெருமை 'கெடிகே' என்னும் கற்கோயில். கி.பி. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையே எழுந்தது என்பர் ஆராய்ச்சியாளர். முகமண்டபம், இடைகழி, கருவறை என்று முற்றிலும் தமிழ்நாட்டுப் பல்லவர் முறையில் அமைந்திருக்கிறது. மாமல்லபுரம் சென்று வந்தவர்கள் கூரையின் கூடுகளையும் பூதகணங்களையும் கண்டவுடன் பழகிய முகங்களைக் கண்டதுபோல் நிற்பார்கள். தென்புறத்துக் கூட்டினுள்ளே குபேரன் அமர்ந்திருக்கிறான். ஆயினும் இது பௌத்த ஆலயம். கட்டியவர் யார், எம்மொழி பேசினார் என்று சொல்லும் ஏடு எதுவும் இல்லை. மன்னர் முதலாம் பராக்கிரமபாகு இவ்வூரைப் படைவீடாகக் கொண்டிருந்தான் என்று மகாவம்சம் குறிப்பதால், ஊர் பழைய ஊர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

சிறுபிராயத்தில் நாம் இதனைக் கண்டிருக்கிறோம். ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளை உபதேசியார் ஒரு முறை நடத்தி அழைத்து வந்தார். அப்போது கோயில் பள்ளத்திலே, வயல்களின் நடுவே இருந்தது. வரப்பில் வழுக்கி விழுந்து சட்டையெல்லாம் சேறாக்கிக்கொண்டது எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுருட்டி வைத்திருந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சேற்றில் போயின. அன்றைய பெருந்துயரம் அதுதான்.

இன்று அந்த வயல்கள் இல்லை. மகாவலி கங்கையின் நீரைப் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து உக்குவளைப் பக்கம் திருப்பி, வறண்ட வடபகுதிக்குக் கொண்டு செல்லும் பெருந்திட்டத்தில் போவத்தென்னை நீர்த்தேக்கம் உருவாயிற்று. வயல்கள் நீரில் மூழ்கின. கோயிலும் மூழ்கியிருக்கும். ஆனால் 1970-களின் நடுவில் அதனைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். மேட்டில் அணைகட்டி, 1980-இல் மறுபடியும் கல் கல்லாக எழுப்பி நிறுத்தினார்கள். இத்தகைய வேலையில் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, எது எதன்மேல் இருந்தது என்று எழுதி வைப்பது வழக்கம். எந்தக் கல்லையும் அதன் பக்கத்துக் கல்லிலிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடலாகாது என்பதில் அவர்களுக்கு அத்துணை கவனம். இன்று மூன்று புறமும் நீர் விளங்க, அத்தனை அமைதியோடு அது நிற்கிறது. இடம் பெயர்ந்தது என்று யாரேனும் சொன்னாலன்றித் தெரியாது.

அதே ஆண்டுகளில்தான் எம்மையும் பெயர்த்தார்கள்.

இளம் வாசகர்களுக்காக அந்த வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1931 முதல் இலங்கையில் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை இருந்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. மறு ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டமும், 1949-இல் தேர்தல் சட்டத்தில் செய்த திருத்தமும் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 அக்டோபரில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திரு. லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தார்கள். மிகுந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கூட்டினால் கணக்குச் சரியாகவே வரும். பெயர்க்கப்பட்ட கல்லுக்கு இருந்த குறிப்பேடு மட்டும் எம் மக்களுக்கு இல்லை. எது எதன்மேல் இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

எம் வீட்டில் தகப்பனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அப்பாயி இலங்கைக்கு விண்ணப்பித்தார். ஒரே லயத்து ஒரே அறையில் ஒரே மண்ணெண்ணெய் விளக்கின்கீழ் இரண்டு நாட்டுப் படிவங்கள்!

தகப்பனார் பக்தியுள்ளவர். கிறிஸ்தவன் இப்பூமியில் அந்நியனும் பரதேசியுமே என்றும், நம் குடியுரிமை பரலோகத்தில் இருப்பதால் எந்தக் கரையில் இருந்தாலென்ன என்றும் அவர் சொல்லுவார். அது அவருக்கு உண்மையான ஆறுதலாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அப்பாயி படிக்காதவர், ஆனால் யாத்திராகமம் முழுவதையும் காதால் கேட்டே அறிந்தவர். அவர் சொன்ன பதில் இன்றும் எம் செவியில் இருக்கிறது. "மோட்சத்துக் குடியுரிமையைக் கர்த்தர் தருவாரப்பா. அதுக்கு மனு எழுத வேண்டியதில்ல. இங்க ஆறடி மண்ணுக்கல்லவா மனு எழுதச் சொல்றாங்க!"

குடியுரிமை கையிலுள்ளவர்கள் அதனைத் துச்சமென்று பிரசங்கிப்பது எளிது. இல்லாதவரிடம் அதே பிரசங்கத்தைச் செய்வது வேறு காரியம். இதனை நாம் பிற்காலத்தில்தான் உணர்ந்தோம்.

திருச்சபையைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. 1854-இல் தோட்டத் தொழிலாளரிடையே சுவிசேஷப் பணிக்கென மலைநாட்டில் ஒரு மிஷன் தொடங்கிற்று. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். எம் குடும்பத்தில் முதன்முதல் தன் பெயரைத் தானே எழுதியவர் அப்படித்தான் எழுதினார். ஆனால் அம்மிஷனுக்கு அந்நாளில் இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. இப்பயணத்தில் ஒரு தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கும் பேறு எமக்குக் கிட்டிற்று. எம் குடும்பத்தார் எழுவரின் பெயர்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில், அழகிய ஆங்கிலக் கையெழுத்தில் 'கூலி' என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்தார். குருவானவர் தொழில் கேட்டு எழுதினார். பதிவேட்டை எடுத்துக் கொடுத்தவர், "இதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, எங்கள் பெயர்களுக்கும் வேறெங்கும் சாட்சி இல்லை" என்றார்.

தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மலைநாட்டார் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். அப்பாயி புகையிரத நிலையத்துக்கு வரவில்லை. லயத்து வாசலில் நின்றபடியே எம் நெற்றியில் சிலுவைக் குறியிட்டு, ஒரு பொட்டலம் தேயிலைத் தூளைக் கையில் கொடுத்து, உள்ளே போய்விட்டார்.

கூடலூர்ப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் எமக்கு வேலையும் வீடும் கொடுத்தார்கள். கோயிலில் அதே கீர்த்தனைகள். மலையில் அதே பனி. ஆனால் கடையில் 'தேத்தண்ணி' என்று கேட்டால் சிரித்தார்கள். இலங்கையில் எம்மைக் கள்ளத்தோணி என்றவர்கள் உண்டு. இங்கே சிலோன்காரன் என்றார்கள். தகப்பனார் 1977-இல் முதன்முதலாக வாக்களித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென வைத்திருந்த வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டு போனார். விரலிலிட்ட மை அழிவதற்குள் அப்பாயியிடமிருந்து, யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் வந்தது. அவருக்கும் பிரசாவுரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டதாம். 1947-இல் பாட்டனாருடன் போய் வாக்களித்தவர், முப்பது ஆண்டு கழித்து அடுத்த வாக்கை அளிக்கப் போவதாக எழுதச் சொல்லியிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் கலவரம் வந்தது. அவர் உயிர் தப்பினார், 1979-இல் காலமானார். தந்தி எமக்கு அடக்கத்துக்குப் பின்னரே வந்தது. 1983-இல் மாத்தளை பட்ட பாட்டை, முத்துமாரியம்மன் கோயிலுக்கும் தீயிட்டதை, பத்திரிகையில் படித்தபோது தகப்பனார், "அம்மா அதற்குள் போய்விட்டாள்" என்று மட்டும் சொன்னார்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறிற்று. 2023-இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் ஒரு நடைபயணம் நடந்தது. இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் அதனை முன்னின்று நடத்தியோருள் ஒன்று. பல சமயத்தாரும், சிங்கள மக்களும் உடன் நடந்தார்கள். காணி, வீடு, நியாயமான கூலி, மொழியுரிமை ஆகியவற்றைக் கேட்டு, முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். அச்செய்தியைக் கூடலூரில் படித்த அன்றுதான் நாலந்தாவுக்குப் போவதென்று தீர்மானித்தோம். பரதேசி என்னும் சொல்லைப் பரலோகத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடாமல், சாலையில் இறங்கி நடக்கும் திருச்சபையை அப்பாயி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

கெடிகேயின் அணைக்கரையில் ஒரு சிங்களத் தாயார் ஆம்பல் மலர் விற்றுக்கொண்டிருந்தார். எம் பழைய சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தும், அவருக்கு விளங்கிற்று. "கம கொஹெத மஹத்தயா?" என்றார். ஊர் எது என்று கேட்கிறார். கூடலூர் என்று சொல்ல வாயெடுத்தோம். நாலந்தா என்று வந்தது. அவர் எம்மை மேலுங்கீழும் பார்த்துவிட்டு, "அப்படியானால் கோயில் கீழே இருந்ததைப் பார்த்திருப்பீர்கள்" என்றார். அவருடைய தகப்பனாரின் வயலும் அந்த நீரின் அடியில் இருக்கிறதாம். மலருக்குப் பணம் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம்.

தோட்டத்துக்குப் போனோம். அது இப்போது துண்டு துண்டாகி மிளகுக் காடாயிருக்கிறது. லயம் மட்டும் அப்படியே இருக்கிறது. கூரைத் தகரம் மாத்திரம் புதிது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் மயானத்தைக் காட்ட முன்வந்தான். கல்லறைக் கல் எதுவும் இல்லை. கிறிஸ்தவர்களை அடக்கிய பக்கம் இதுதான் என்று, வரிசையாக நின்ற குரோட்டன் செடிகளை அவன் காட்டினான். எது யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மலரை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிட்டுச் சிறிது ஜெபித்தோம். பையன் இந்துப் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான்.

திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "தாத்தா, இந்தியாவுல நம்ம ஆளுகளுக்குச் சொந்தமா வீடும் காணியும் குடுத்துட்டாங்களா?"

எமக்குக் கிடைத்தது தோட்டத்து வீடு என்றும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதனைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது என்றும், அதற்காகவே எம்மவர் அங்கே இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னோம்.

அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "அப்ப அங்கயும் லயந்தானா?" என்றான்.