கேன் என்றால் கேன்தான்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்க வந்த அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு ஒரு விலையைச் சொல்லி “கேன்?” என்றார். சீனக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் “கேனாட்” என்றார். அம்மாள் அடுத்த கடைப் பக்கம் திரும்பினார். “அக்கா, அக்கா... கேன் லா, கேன் கேன்.” மீன் தராசில் விழுந்தது. “கட் ஸ்மால் ஸ்மால், கேன்?” “கேன்.” அவ்வளவுதான் பேச்சு. கேட்பு, மறுப்பு, இறங்கி வருதல், ஒப்பந்தம், கூடுதல் வேண்டுகோள், அதற்கும் ஒப்புதல் எல்லாமே ஒரு சொல்லில் நடந்து முடிந்தன. யாரால் எது முடியும் என்பதை இருவரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பள்ளி ஆங்கிலப் பாடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்த கேன் இப்படித் தனியாக நடமாடாது. முன்னால் ஓர் ஆள், பின்னால் ஒரு வினைச்சொல் என்று இரண்டு பக்கமும் துணை வேண்டும் அதற்கு. இயலும், அனுமதி உண்டு, நடக்கலாம் என்று மூன்று வேலைகளை வாத்தியார் பட்டியலிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பழைய ஆங்கிலத்தில் இதன் வேருக்கு ‘அறிந்திருத்தல்’ என்று பொருள். ‘நீச்சல் தெரியும்’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தத் தெரிதல்தான். தமிழ் இந்த ஒற்றைச் சொல்லின் வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. மூட்டையைத் தூக்க முடியும், உள்ளே வரலாம், மழை பெய்யக்கூடும், அவளுக்குப் பாட வரும், இந்தக் கத்தி மீன் நறுக்க ஆகும். ஆள் மாறினால் வேற்றுமை உருபும் மாறும்: என்னால் முடியும், எனக்குத் தெரியும். இத்தனையையும் சரியாகச் சொல்லிப் பழகிய ஒருவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினால், ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஊரே பிழைப்பதைப் பார்த்து முதலில் கொஞ்சம் ஏளனமாகத்தான் நினைப்பார். பிறகு அவரும் பிழைத்துக்கொள்வார்.

கேன் இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. முன்பு இதில் உட்கார்ந்திருந்தது மலாயின் ‘போலே’. ஹொக்கியன் பேசும் சீன முதலாளியான தவுக்கேயும், தஞ்சாவூர்க் கூலிக்காரரும், ஜாவாவிலிருந்து வந்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது சந்தை மலாயில். ‘போலே’ என்றால் ஆகும், ‘தா போலே’ என்றால் ஆகாது. ‘போலே தாஹான்’ என்றால் தாங்கக்கூடியது, அதாவது பரவாயில்லை. அந்தத் தலைமுறைத் தமிழர் பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் இந்த மலாய் நாக்கில் ஊறியிருந்தது. பிறகு பள்ளிகள் மாறின. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி ஆனது. சந்தை மலாய் கிழவர்களோடு ஒதுங்கிக்கொள்ள, அதன் இடத்தில் ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த விதம் மட்டும் ஆங்கில விதமல்ல. போலே எப்படித் தனியாளாக நின்று பதில் சொன்னதோ, மாண்டரினின் ‘கெ-யி’ எப்படிச் சொல்கிறதோ, அப்படியே கேனும் சொல்லப் பழகியது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்களை அதிரவைப்பது ‘கேன் ஆர் நாட்?’ இதைத் தமிழில் நினைத்துப் பாருங்கள்: “முடியுமா, முடியாதா?” நம்மூரில் இப்படிக் கேட்டால் அடுத்தது சண்டைதான். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கேட்பது, கணவன் மனைவிக்குள் பேச்சு முற்றியபின் கேட்பது. இங்கே அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பையனிடம் மேலாளர் அம்மையார் புன்னகையோடு, “மண்டே மார்னிங், கேன் ஆர் நாட்?” என்கிறார். அவனுக்கு முகம் வெளிறிவிடுகிறது. அந்த அம்மையாருக்கோ அது சாதாரணக் கேள்வி. சீனத்தில் வினையையும் அதன் எதிர்மறையையும் அடுத்தடுத்து வைத்தால் அதுவே கேள்வி வாக்கியம். மிரட்டலும் இல்லை, அவசரமும் இல்லை. உள்ளே ஒரு மரியாதைகூட இருக்கிறது: ‘முடியாது’ என்ற பதிலையும் அவரே எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார், வேண்டியதை நீ எடுத்துக்கொள் என்பதுபோல.

ஆனால் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கேட்டால் எந்தத் தமிழனும் திகைக்கமாட்டான். “கேன் இஸ் கேன், பட்...” இதுவும் சீனத்தின் அச்சுத்தான். லண்டன்காரருக்கு இது புரிய ஒரு நிமிடமாவது ஆகும். நமக்கு? “வர்றது வருவேன், ஆனா...” “நல்லது நல்லதுதான், ஆனா...” என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ‘பட்’ வருவதற்கு முன்பே விஷயம் புரிந்துவிடுகிறது. ஒரு சொல்லை இரட்டித்து, முதலில் ஒத்துக்கொண்டு, பிறகு மெதுவாகக் கழன்றுகொள்வது. சம்மதத்துக்கும் மறுப்புக்கும் நடுவில் இருக்கும் அகலமான திண்ணை அது. சீனர்கள் போட்ட திண்ணையில் நாம் கேட்காமலேயே உட்கார்ந்துகொண்டோம்.

வால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேனின் சாமர்த்தியம் பாதி அதன் வாலில் இருக்கிறது. ‘கேன் லா’ என்பது தெம்பு கொடுப்பது: அட, ஆகும்ப்பா, கவலைப்படாதே. அதையே இழுக்காமல் வெட்டினால் எரிச்சல். ‘கேன் ஹோர்?’ என்றால் முடியும்ல? ‘கேன் வாட்’ என்றால் முடியுமே, யார் முடியாதென்று சொன்னது? எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று ‘கேன் லோர்’. இதில் சம்மதம் இருக்கிறது, விருப்பம் இல்லை. “சரி, முடியும்னே வச்சுக்கயேன்” என்று தோளைக் குலுக்குவது. மாலை ஆறு மணிக்கு மேல் வேலை கொடுக்கும் மேலாளருக்கு இதுதான் பதில். மற்றது கான்டனீஸிலிருந்து வந்த ‘மே’. “கேன் மே?” என்று கேட்பவர் ஏற்கெனவே முடியாது என்று தீர்மானித்துவிட்டார், நம் வாயால் கேட்கக் காத்திருக்கிறார். தஞ்சை, திருச்சிப் பக்கத்துப் பாட்டிகள் “முடியுமாக்கும்?” என்று உதட்டைச் சுழிப்பார்களே, அச்சு அசல் அதே சுழிப்பு.

ஆந்தியா ஃப்ரேசர் குப்தா என்ற மொழியியலாளர் இந்த வால்களை, சொல்பவரின் உறுதி எவ்வளவு என்பதை வைத்து வரிசைப்படுத்திக் காட்டினார். சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றி அவர் எழுதி 1994இல் வந்த நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘மாற்றாந்தாய் மொழி’. அவர் வரிசைப்படுத்திய சங்கதியை நம் இலக்கணக்காரர்கள் இடைச்சொல் என்று எப்போதோ பெயரிட்டு வைத்துவிட்டார்கள். ஏ, ஓ, ஆ, தான் என்று நாமும் சொல்லின் கடைசியில்தான் மனசைக் கட்டித் தொங்கவிடுகிறோம். ஆங்கிலேயர் அதைக் குரலின் ஏற்ற இறக்கத்தில் காட்டுகிறார். சீனருக்கு அந்த ஏற்ற இறக்கத்தில் பாதி சொல்லின் பொருளுக்கே செலவாகிவிடும், ஆகவே அவருக்கும் வால் தேவை. மலாய்க்காரருக்கும் உண்டு. மூன்று பேரும் தங்களுடையது அல்லாத ஒரு மொழியில் பேரம் பேச உட்கார்ந்தபோது, அந்த மொழியில் விடுபட்டதாகப் பட்டதை ஒட்டவைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அரசாங்கத்துக்குச் சிங்கிலீஷ் எனப்படும் இந்தச் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம் பிடிக்கவில்லை. 1999இல் லீ குவான் இயூ சிங்கிலீஷை ஓர் ஊனம் என்றே கருதிப் பேசினார். அதே ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில் பிரதமர் கோ சோக் டோங், தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் நாயகன் புவா சூ காங் ஆங்கில வகுப்புக்குப் போனால் என்ன என்று கேட்டார். மஞ்சள் பூட்ஸ் போட்ட சீனக் கட்டட கான்ட்ராக்டர் அந்தப் புவா சூ காங். நடித்தவர் சீக்கியத் தந்தைக்குப் பிறந்த குர்மித் சிங். 2000இல் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது. 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது கை கழுவச் சொல்லி ராப் பாட்டுப் பாட வந்தவர் யார்? அதே புவா சூ காங். 2021இல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி அரசாங்கம் வெளியிட்ட காணொளியிலும் அவரே ஆடிப் பாடினார். உயிர் பிழைக்கும் விஷயமென்றால் ஊருக்குப் புரிகிற மொழி வேண்டியிருக்கிறது. 2016இல் கவிஞர் குவீ லி சுய் சிங்கிலீஷை ஆதரித்து நியூயார்க் டைம்ஸில் எழுத, பிரதமரின் செய்திச் செயலாளரே மறுப்பு எழுதினார்.

அரசாங்கம் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உலகத்தோடு வியாபாரம் செய்கிற ஊர் இது. பிள்ளைக்கு நேர்முகத்தேர்வில் முழு வாக்கியம் வரவேண்டும் என்று பெற்றவர்கள் ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் வழக்கை உத்தரவால் மாற்றுவது லேசல்ல. தேக்கா என்பதே ஹொக்கியன் சொல், மூங்கிலடி என்று பொருள். 1982இல் புதுக் கட்டடம் திறந்தபோது அதையே மாண்டரினாக்கி ‘ஜூஜியாவ்’ என்று பெயர்ப் பலகை வைத்தார்கள். சனங்கள் தேக்கா, தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் பலகைதான் மாறியது. கேன் விஷயத்தில் இன்னொரு சிக்கல், அதை எந்த வேலியில் நிறுத்திப் பிடிப்பது? அது சுத்தமான ஆங்கிலச் சொல், எல்லா அகராதியிலும் இருக்கிறது. ‘லா’வைக் கண்டிக்கலாம் என்றால், ‘மஜுலா சிங்கப்பூரா’ என்று தேசிய கீதத்தின் பெயரிலேயே மலாயின் லா இருக்கிறது.

தமிழருக்கு இந்தச் சொல்லால் ஒரு தனி லாபமும் உண்டு. நம் மொழியில் வாய் திறந்தாலே எதிரில் இருப்பவர் நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் ஏறும் இருபது வயதுப் பையனுக்கு, உள்ளே நிற்கும் பெரியவரிடம் “ஒன்பதாவது மாடி அழுத்துறீங்களா, ஐயா” என்பதா, “மாமா” என்பதா, அவர் தமிழர்தானா என்றே ஐயம். “நைன், கேன்?” என்றால் எந்த வம்பும் இல்லை. லாபம்தான், ஆனால் அந்தச் சிறு தயக்கத்தில்தான் தமிழ் குடியிருந்தது. இப்போது வீட்டுக்குள்ளும் “ம்மா, கேன்?” “கேன், போ” என்று நடக்கிறது. ஒலி 96.8இல் இயலும், முடியும் என்று அழகாகச் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டே பிள்ளைகள் “கேன்” என்கிறார்கள்.

ஆனால் இந்தச் சொல்லின் கனம் தெரியவேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கூடும் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் போக வேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டை என்று ஊர்ப் பெயர்களாகவே கேட்கும். கட்டடத் தளத்தில் வேலை செய்யும் ஒருவர் எனக்குச் சொன்னார்: வந்த புதிதில் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘ஓகே பாஸ்’, ‘கேன் பாஸ்’ இரண்டுதான். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லாம் விளக்கிவிட்டு, வேலைக்கு நடுவே சூப்பர்வைசர் வந்து “கேன் ஆர் நாட்?” என்பார். மேலாளர் அம்மையார் கேட்ட அதே கேள்விதான். ஆனால் ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிவிட்டு வந்தவருக்கு அந்த மேசையில் ஒரே ஒரு பதில்தான் கிடந்தது. கேனாட் என்றால் பெர்மிட் போய்விடுமோ என்ற பயம். போகாமலும் இருக்கலாம். பயம் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. உயரத்தில் ஏறு, கேன். மழையில் ஏறு, கேன்.

அந்தப் பதிலை மாற்றிக் கொடுத்தவர், கூட வேலை செய்த வங்காளதேசத்துப் பெரியவர். கேனாட் என்று சொல்லாதே, கோபம் வரும். கேன் என்று சொல்லு, உடனே ஒரு ‘பட்’ போடு. “கேன் பாஸ், பட் ஹார்னஸ் ஃபர்ஸ்ட்.” “கேன் பாஸ், பட் ரெயின் ஸ்டாப் ஃபர்ஸ்ட்.” இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டு ஏற அந்த அரை வாக்கியம் போதுமாக இருந்தது என்றார். நான் மேலே திண்ணை என்று சொன்னேனே, அதற்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது புதிதாக வரும் பையன்களுக்கு அவர்தான் வாத்தியார். முதல் பாடம் கேன், இரண்டாம் பாடம் பட்.

கடல் தாண்டினால் இந்தச் சொல்லுக்குச் செல்வாக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் அக்கா மகன் விடுமுறைக்குச் சென்னை போயிருந்தான். வேளச்சேரியில் ஒரு மளிகைக் கடையில் பிஸ்கட்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு, பர்ஸைப் பிரித்தபடி, “அண்ணே, கார்டு கேன்?” என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “கேனு தீந்துபோச்சு தம்பி. சாயங்காலம் லோடு வரும். காலி கேன் கொண்டாந்திருக்கியா?”