புது லேப்டாப்பும் காணாமல் போன பேட்டரியும்



கல்லூரியில் சேர்ந்த பேத்திக்குப் பென்ஷன் பணத்தில் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே 'பேட்டரி இல்லை' என்று திரையில் காட்டியது. சார்ஜர் இருந்தால் ஓடும், பிடுங்கினால் அணைந்துவிடும். கரண்ட் போனதில் பாதி எழுதிய அசைன்மென்ட் போய், பிள்ளை அழுதுவிட்டாள். கடையில் மாற்றித் தரும் கெடுவோ ஒரே வாரம்.

என் பழைய மாணவன் ஒருவன் போனில் வரிசையாகச் சொன்னான்.

முதலில், லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட வேண்டும். சரியாகவில்லை.

அடுத்து, டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' என்ற இடத்தில் பேட்டரி டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். அதிலும் பலனில்லை.

கடைசியாக பயாஸ். அது விண்டோஸுக்கு முன்பே இயங்குவது. அங்கே பேட்டரி தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் பக்கம். அங்கும் தெரியாவிட்டால் பேட்டரியிலோ உள்ளே இருக்கும் இணைப்பிலோதான். எங்களுக்கு அங்கும் தெரியவில்லை.

தெருமுனைக் கடையில் பிரித்துப் பார்க்கலாம் என்றார் மருமகன். "வேண்டாம் சார், பிரிச்சா மாத்தித் தர மாட்டாங்க. அந்தத் திரையை போட்டோ எடுத்துட்டு பில்லோட போங்க" என்றான் மாணவன். ஆறாம் நாள் போனோம். போட்டோவைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் வேறு லேப்டாப் கொடுத்தார்கள்.

விடை மட்டும் போதாது, வழிமுறையும் எழுது என்று கணக்கு வகுப்பில் அவனை நச்சரித்திருக்கிறேன். இன்று வழிமுறையை அவன் எனக்குச் சொல்கிறான். ஆசிரியனுக்கு இதைவிட என்ன பென்ஷன்?

லேப்டாப் வாங்குகிறவர்கள் முதல் நாளே சார்ஜரைப் பிடுங்கி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பில்லும் அட்டைப் பெட்டியும் பத்திரம்.