கோடை வெயிலும் கார்புரேட்டர் கைவேலையும்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டர், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய பைக்குகளிலிருந்து விடைபெற்றுவிட்டது. ஆயினும் 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் போன்ற வண்டிகள் கொங்குச் சாலைகளில் இன்னும் ஓடுவதால், அதைத் திருகிச் சரிசெய்யும் கைவேலை கோவைப் பட்டறைகளில் பிழைத்திருக்கிறது. அதன் நுட்பம் முழுதாக வெளிப்படுவது சித்திரை வெயிலில்தான்.

காற்று 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் நுண்துளைப் பித்தளைத் திருகான ஜெட் அதே அளவுக்கு ஈடுகொடுத்துக் குறைப்பதில்லை என்பதால், கலவையில் பெட்ரோல் மிஞ்சி, பட்டறை வழக்கில் ‘ரிச்’ ஆகிறது. ஆகவே கோடையில் சிறிய ஜெட் போடலாம் என்பது ஏட்டுக் கணக்கு. பட்டறைக்காரர்கள் இதற்கு எளிதில் இசைவதில்லை. ஆர்எக்ஸ் 100 போன்ற, காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆவியாகும் பெட்ரோலே உள்சூட்டை ஓரளவு தணிக்கிறது. கலவை ‘லீன்’ ஆனால், அதாவது பெட்ரோல் குறைந்தால், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். மைலேஜுக்கு ஆசைப்பட்டு பிஸ்டனை இழப்பது நல்ல வணிகமல்ல.

வேலை தொடங்குவது இஞ்சின் நன்கு சூடேறிய பிறகுதான். ஆர்எக்ஸ் 100-இல் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் கலவை ரிச், வெளியே எடுத்தால் லீன். பல ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் அத்திருகு காற்றுக்குப் பதில் கலவையைக் கட்டுப்படுத்துவதால் கணக்கு தலைகீழாகும். கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருகி, ஐடிலிங் ஏறிச் சீராகும் இடத்தில் கை நிற்கிறது. பின்னர் வண்டியை முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து அப்படியே இஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள்: வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், பழுப்பேறியிருந்தால் சரி. ஜெட் அடைப்பை நீக்க இரும்புக் கம்பி விடுவதைத் தேர்ந்த கைகள் தவிர்க்கும். துளை மயிரிழை அகன்றாலும் ஜெட்டில் பொறித்த எண் பொய்யாகிவிடும்.

சூட்டில் வண்டி நின்றுபோகிறது என்ற புகார்களில் பல ட்யூனிங்கோடு தொடர்பற்றவை. கார்புரேட்டரை இஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்று உறிஞ்சுவதைக் கவனியாமல் திருகைத் திருகிக்கொண்டிருப்பது வெட்டிவேலை. ட்யூனிங் கணக்கில் இப்போது பெட்ரோலில் கலக்கும் 20 விழுக்காடு எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டோடு ஓடும் வண்டி தானாகவே லீன் பக்கம் சாய்கிறது; வெயிலுக்குக் குறைக்கச் சொல்லும் ஏட்டுக் கணக்கு இங்கே இன்னும் பொருந்தாமல் போய், ஒரு எண் பெரிய ஜெட்டே சில வண்டிகளுக்குத் தேவைப்படுகிறது.

ஈரோட்டு வெயிலுக்குச் சரிசெய்த வண்டி, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியை அடையும்போது அடர்த்தி கணிசமாகக் குறைந்த காற்றைச் சந்தித்து, புகைந்து திணறும். பெட்ரோலை அளக்கும் ஊசியான நீடிலில் மாட்டிய கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றினால், நீடில் கீழிறங்கிப் பெட்ரோல் குறையும். ஆனால் அதை மீண்டும் மாற்ற மறந்து மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளி வெயிலில் விரட்டினால் பிஸ்டன் பிடித்துவிடக்கூடும் என்பதால், இரண்டு நாள் பயணத்துக்கு எதையும் தொடாமல் புகையைப் பொறுத்துக்கொள்வதே மேல்.