கதை நன்னா இல்லே, லைன் எப்ப வரும்?

கேபிள்காரனுக்கு டி.ஆர்.பி. கணக்கு தேவையில்லை. லைன் போனதும் எத்தனை போன் வருகிறது என்று பார்த்தால் போதும். செய்தி நேரமென்றால் ஒன்றிரண்டு பேர் கூப்பிடுவார்கள். சீரியல் நேரமென்றால் ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து அம்மா மண்டபம் சாலை வரைக்கும் போன் ஓயாது.

கதை சவசவவென்று போகிற மாதங்களிலும் இந்தப் போன்கள் குறைவதில்லை. 'கோலங்கள்' சீரியல் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1,533 பகுதிகள். அதில் கதாநாயகி அபிக்கும் வில்லன் ஆதிக்கும் நேருக்கு நேர் மோதல் வந்தால் தெருவே அடங்கும். பிறகு வாரக்கணக்கில் ஜவ்வாக இழுக்கும். அந்த இழுவை நாளொன்றில் சித்திரை வீதி மாமி ஒருத்தர் கூப்பிட்டார்: "கதை ஒண்ணும் நன்னாவே இல்லேப்பா. அது கெடக்கட்டும், லைன் எப்ப வரும்?"

2012 மின்வெட்டில் இந்தப் போன்கள் கேபிள்காரர்களான எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வீட்டில் கரண்ட் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் தொங்குகிற பக்கத்துத் தெருவில் இருக்காது. திரையில் வெறும் புள்ளிகள். "எங்காத்துலதான் கரண்ட் இருக்கே?" என்பார்கள். என்ன பதில் சொல்வது? கடைசியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரி வைத்தோம். எந்தத் தெருவுக்கு முதல் பேட்டரி என்று யோசிக்கவே இல்லை. 'நாதஸ்வரம்' பார்க்கிற வீடுகள் எங்கே அதிகமோ, அங்கே.

'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் 2022 பிப்ரவரியில் 'எதிர்நீச்சல்' தொடங்கினார். ஆதி குணசேகரனாக மாரிமுத்து "இந்தாம்மா ஏய்" என்றால் வசூலுக்குப் போகிற வீட்டில் குழந்தைகூட அதைத் திருப்பிச் சொல்லும். 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து அந்த சீரியலுக்கு டப்பிங் பேசும்போதே மயங்கி, அன்றே இறந்துபோனார். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனால் முன்னவரின் நக்கல் இவரிடம் இல்லை, இவருடையது வேறு மாதிரி முறைப்பு. வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு. பார்ப்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. 2024 ஜூனில் முடிந்து டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது மருமகள் ஜனனியாக நடிப்பவரும் மாறியிருந்தார். அதற்கும் திட்டு, அதையும் பார்த்தார்கள்.

எனக்கும் அபிப்பிராயம் உண்டு. 'எதிர்நீச்சல்' வீட்டின் நான்கு மருமகள்களும் அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேசும் காட்சிகளில் திருச்செல்வத்தை மிஞ்ச ஆளில்லை. அவர்களில் நந்தினி ஒரு வார்த்தை விட்டால் சிரிப்பு தானாக வரும். அடியாளுக்குப் போன் போட்டு மிரட்டுகிற காட்சிகளில் நான் எழுந்து ரசீது புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். ஆனால் அடுப்படிக் காட்சி எப்போது வரும் என்று தெரியாதே, அதனால் டிவியை அணைப்பதில்லை. மாமியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தவிர, மறுநாள் பூக்காரியிடம் சேர்ந்து திட்டவாவது நேற்றைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரைத் தேர் வரும்போது வீதிக்குக் குறுக்கே போகிற கேபிளை எல்லாம் இறக்கிவிடுவோம். தேர் நிலைக்கு வந்ததும் ஏற்ற வேண்டும். அன்றைக்குக் காலையில் யாரும் கேட்பதில்லை, பெருமாள் வெளியே வந்திருக்கிறார். சாயங்காலம் போன் ஆரம்பிக்கும்.

பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்கள். கனெக்‌ஷனைத் துண்டித்த வீடுகளும் உண்டு. சுமாரான வாரத்திலும் டிவி முன்னால் உட்காருகிறவர்கள்தான் இன்றைக்கு எங்களுக்கு மாதச் சந்தா தருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழையில் லைன் போனால் பத்து நிமிஷம் பொறுங்கள். கம்பத்தில் ஏறுகிறவனும் அதே சீரியலைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான்.